செருப்புக்குள் ஒரு காப்பிக்கொட்டை!

"எப்படி சார் இருக்கு? சுகமா இருக்கா?"

உலகத்திலுள்ள எல்லாச் செருப்புக் கடைப் பையன்களும் கேட்கிற கேள்விதான். சேலத்தில் ஒரு கடை. குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, என் காலை வாங்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு அந்தப் பையனும் கேட்டான். கறுப்பு ஷூ. அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

எழுந்து நாலு எட்டு வைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று இப்படி ஒரு திரும்பு, அப்படி ஒரு திரும்பு.

"பூ மாதிரி இருக்குப்பா!"

பொய் சொல்லவில்லை சார். சத்தியமாகப் பூ மாதிரிதான் இருந்தது. என் காலுக்கு அடியில் கள்ளிச்செடியை வைத்திருந்தாலும் அது 'பூ' என்றுதான் சொல்லியிருக்கும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது!

எனக்குச் சர்க்கரை வந்தது முப்பதாவது வயதில். வந்தது என்றால், கண்டுபிடித்தது. அதற்கு எத்தனை நாள் முன்னாலிருந்து அது வாடகை கொடுக்காமல் உள்ளே குடியிருந்ததோ, யார் கண்டது! ஆபீஸில் ஒரு இலவச மருத்துவ முகாம். 'பிஸ்கட் தருவாங்களாம்' என்று வரிசையில் நின்றவன், 'இனிமே பிஸ்கட்டே கூடாது' என்ற சீட்டோடு திரும்பினேன்.

அப்புறம் நம்ம ஊர் வழக்கப்படிதான். ஞாபகம் வந்தால் மாத்திரை. கல்யாண வீடு என்றால் மாத்திரைக்கும் லீவு. ஆறேழு வருஷம் இப்படி ஓடியது. நடுவில் ராத்திரி நேரத்தில் கால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். விளக்கைப் போட்டுத் தேடுவேன், எறும்பு இருக்காது. கொஞ்ச நாளில் அந்த எறும்பும் போய்விட்டது. 'அப்பாடா, சரியாயிடுச்சு' என்று சந்தோஷப்பட்டேன். எறும்பு போகவில்லை சார். எறும்பு ஊர்வதைச் சொல்லுகிற ஆள் போய்விட்டான்!

இந்த லட்சணத்தில் என்னை ஏற்காட்டுக்கு மாற்றினார்கள்.

'ஏற்காடா? குடுத்துவெச்ச ஆளுய்யா! சம்பளமும் குடுத்து ஊட்டிக்கும் அனுப்புற மாதிரி' என்று நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. மேலே போனதும் தெரிந்தது, அந்த ஊரில் சமதரை என்று ஒன்று இருந்தால் அது ஏரித் தண்ணீர் மட்டும்தான். மற்றதெல்லாம் ஒன்று ஏற்றம், இல்லை இறக்கம். நம்ம உத்தியோகமோ, கால் நடையாய் நடந்தால்தான் ஃபைல் நகரும் என்கிற ரகம்.

முதல் சம்பவம் ஏரிக்கரையில் நடந்தது. சாயங்காலம், ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு காற்று வாங்கப் போனேன். பின்னாலிருந்து டீக்கடைக்காரர் கத்தினார்.

"சார்... சார்! ஒத்தைச் செருப்பு இங்கேயே நிக்குது!"

திரும்பிப் பார்த்தேன். இருபது அடி பின்னால் என் இடது செருப்பு ரோட்டு நடுவில் தனியாகக் கிடந்தது. வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை! கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே மலையிறங்கி டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? 'ரப்பர் செருப்பு சரியில்லை' என்று முடிவு கட்டி, அடுத்த சனிக்கிழமை சேலத்துக்குப் போய், மேலே சொன்ன பளபளா ஷூவை வாங்கி வந்தேன்.

நான் குடியிருந்தது ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டின் பின்போர்ஷன். வீட்டுக்கார ஆயாவுக்கு எழுபது வயசிருக்கும். டிசம்பர், ஜனவரி வந்தால் முற்றம் முழுக்கக் காப்பிக்கொட்டை காயும். நடக்க இடமிருக்காது. வாசல் திண்ணைக்கு அடியில் என் ஷூ.

அன்று காலை அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மத்தியானம் வெளியூர் ஆபீசர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். கிளியூர் அருவியைக் காட்டு என்று என்னைத்தான் அனுப்பினார்கள். செங்குத்தான படிகளில் இறங்கி, ஏறி, லேடீஸ் சீட், பகோடா முனை எல்லாம் சுற்றி, பொழுது சாய வீடு திரும்பினேன். ஆபீசர் நொண்டினார், அவர் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் கம்பீரமாக நடந்தேன். "இளரத்தம் சார்!" என்று ஆபீசர் பாராட்டக்கூட செய்தார்.

இளரத்தம்தான். ஆயா கண்டுபிடித்தார்.

"தம்பி, திண்ணையில என்ன செவப்பா இருக்குது? நீ நடந்த எடமெல்லாம் இருக்குது பாரு!"

சாக்ஸைக் கழற்றினேன். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். 'டொக்' என்று ஒன்று விழுந்தது.

காய்ந்த காப்பிக்கொட்டை. ஒன்றே ஒன்று.

காலையிலிருந்து ராத்திரி வரை, மலை ஏறி இறங்கி, அந்தக் கொட்டையின் மேல் என் உடம்பு எடை முழுவதையும் வைத்து அரைத்திருக்கிறேன். வலி? இத்தனூண்டுகூட இல்லை. ரத்தத்தைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை சார். வலிக்கவில்லையே, அதுதான் பயமாக இருந்தது.

சேலத்தில் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். டாக்டரம்மா ஒரு பேனா மாதிரி கட்டையை எடுத்தார். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை.

"கண்ணை மூடிக்குங்க. இது படும்போதெல்லாம் 'ம்' சொல்லணும்."

கண்ணை மூடிக் காத்திருந்தேன். காத்திருந்தேன்... காத்துக்கொண்டே இருந்தேன்.

"ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்றேன், உதவுகிற எண்ணத்தில்.

"முடிஞ்சு போச்சு சார்" என்றார் அவர். "ஒவ்வொரு கால்லயும் பல இடம் தொட்டுட்டேன்."

அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்யப்பட்டதாம். அது வளைகிற அளவுக்கு அழுத்தியும் கால் உணரவில்லை என்றால், காலைக் காப்பாற்றும் உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். இதுபோக, அதிர்வுக் கவை என்று ஒன்று. பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்கள். தட்டினால் 'ங்ங்ங்' என்று அதிரும். அதை விரல் எலும்பில் வைத்தார். அதுவும் சும்மா ஒரு இரும்புத் துண்டாகத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். உடம்பிலேயே நீளமான நரம்பு, முதுகெலும்பின் கீழ்ப் பகுதியிலிருந்து கால் விரல் வரை போவது. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்குச் சோறு போடும் மயிரிழை ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான ஒயர் முதலில் பழுதாகும் அல்லவா? அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. கூடவே பாதத்தின் சின்னத் தசைகள் தளர்ந்து விரல்கள் மடங்குகின்றன. எடையெல்லாம் முன்பாதத்து மேட்டில் இறங்குகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது.

சர்க்கரை மட்டும் காரணமில்லை. வைட்டமின் பி12 குறைவு, குடிப்பழக்கம், தொழுநோய், இன்னும் சில நோய்கள் என்று மரத்துப்போவதற்குப் பல வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் கால் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்: காவல்காரன் இல்லாத வீடு.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, என் நல்ல காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். அதைக் கத்தரித்து, என் பளபளா ஷூவுக்குள் வைத்தார். தாள் உள்ளே போகவில்லை. பக்கவாட்டில் மடங்கி நின்றது.

"உங்க கால் எட்டாம் நம்பர். ஷூ ஏழு. எப்படி வாங்கினீங்க?"

"போட்டா சரியா இருந்துதே டாக்டர். எட்டு லூசா தெரிஞ்சுது."

"தெரியும். மரத்துப்போன காலுக்கு அளவான செருப்பு போட்டா, செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியாது. இறுக்கிப் பிடிச்சாத்தான் 'ஆ, இதான் சரி'ன்னு சொல்லும். அதனால, 'சுகமா இருக்கா'ன்னு உங்க காலைக் கேக்காதீங்க. அது பொய்ச் சாட்சி!"

பொய்ச் சாட்சி! இத்தனை வருஷம் என் கால் சொன்னதை நம்பித்தான் காசைக் கொட்டியிருக்கிறேன்.

நல்லவேளை, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது; சீழ் எலும்புக்குள் போகவில்லை. காலுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பாதத்தோடு ஒட்டி, எடை ஒரே இடத்தில் இறங்காமல் பரவுகிற மாதிரி தனிப் பக்குவத்தில் போடுகிற கட்டு. பழகியவர்கள்தான் போட வேண்டும். வாரா வாரம் பிரித்துப் பார்த்து மறுபடி போட்டார்கள். ஏழு வாரம் அக்கா வீட்டில் கால் நீட்டிக் கிடந்தேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி.

"எலும்பு முறிஞ்சுதா? எங்கே விழுந்தீங்க?"

"எங்கேயும் விழலை. காப்பிக்கொட்டை மிதிச்சேன்."

அவர்கள் அக்காவைப் பார்ப்பார்கள். அக்கா, 'தலையில அடி இல்லைங்க, இப்படித்தான் பேசுவான்' என்று சமாதானம் சொல்லுவாள்.

அந்த ஏழு வாரத்தில் ஒருநாள் டாக்டரம்மா, "இந்தக் கட்டு, நான் எழுதித் தரப்போற செருப்பு, இதெல்லாத்துக்கும் பின்னால உங்க பக்கத்து மலைக்காரர் ஒருத்தர் இருக்காரு தெரியுமா?" என்று கேட்டார். பக்கத்து மலை என்றால் கொல்லிமலை. ஆள் பெயர் பால் பிராண்ட்.

1914-ல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். அப்போது அது சேலம் ஜில்லா. 1997-ல் நாமக்கல் மாவட்டத்துக்குப் போனது. மலைவாழ் பிள்ளைகளோடு வெறுங்காலில் ஓடி வளர்ந்த பையனை ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். 1929-ல் அப்பா இங்கே காய்ச்சலில் இறந்துபோனார். மலை மக்களுக்காக உழைத்த அம்மா 1974-ல் 95 வயதில் காலமானார். பையன் அங்கே முதலில் கற்றது வைத்தியம் இல்லை சார், தச்சு வேலையும் கட்டட வேலையும்! அப்புறம்தான் அறுவை மருத்துவர் ஆனார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று டாக்டர்களே நம்பினார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். ஒருநாள், துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் வந்து 'விடுங்க' என்று சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் கையில் ரத்தம். விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டிருந்தது. பையன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை! அங்கே புரிந்தது அவருக்கு. சதை கெட்டுப்போய் விழவில்லை. வலி தெரியாததால் நோயாளியே தன் கையைப் பாழாக்கிக்கொள்கிறார். ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரியாது என்று கண்டுபிடித்து, நோயாளிகளுக்குத் துணையாகப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். காலில் வரும் புண்ணும் அதே கதைதான். ஒரே இடத்தில் அழுத்தம், ஒரே இடத்தில் உரசல், ஆயிரம் தடவை. நமக்கென்றால் நூறாவது தடவையே கால் தானாக நடையை மாற்றிக்கொள்ளும். வலி என்கிற காவல்காரன் விசில் அடிப்பான். அவர்களுக்கு விசில் இல்லை.

அப்படியானால் மருந்து மட்டும் போதாது, செருப்பு வேண்டும். மரத்தில் செய்து பார்த்தார்கள், பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார்கள். தச்சு வேலை கற்ற கை அல்லவா! கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். என்கிற நுண்ணறை ரப்பர். உள்ளே பொடிப்பொடியாகக் காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அது. கால் மேட்டுக்குக் கீழே அது அமுங்கிக் கொடுக்கும். எடை பாதம் முழுக்கப் பரவும். அதற்கு அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி ரப்பர். வேலூர் பக்கம் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் மையம் இந்தக் காலணி வேலைக்குப் பேர் போனது. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, இந்தப் பாடமெல்லாம் அவரோடு போனது. தொழுநோயாளியின் காலுக்கு இங்கே கற்ற வித்தையைத்தான் உலகம் பிற்பாடு சர்க்கரைக்காரன் காலுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. 'வலி இல்லையா, செயற்கையாகச் செய்துவிடலாம்' என்று பிராண்டின் குழு அங்கே இறங்கியது. கையுறையிலும் சாக்ஸிலும் அழுத்தம் அறியும் கருவிகளை வைத்து, அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்ப வைத்தார்கள். யாரும் மதிக்கவில்லை. சரி, ஷாக் அடிக்கிற மாதிரி வைத்தார்கள். ஆபத்தான வேலை வந்தால் நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொள்வார்! காலை நேர அலாரத்தை நாம் என்ன பாடு படுத்துகிறோம், அதே கதைதான். அணைக்க முடியாததால்தான் வலிக்கு மரியாதை. 'வலி: யாரும் விரும்பாத பரிசு' என்ற பொருளில் தலைப்பு வைத்து 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார் பிராண்ட். 2003-ல் காலமானார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். புண் ஆறியது. டாக்டரம்மா எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். பட்டறையில் இரண்டு பாதத்தையும் தனித்தனியாக வரைந்து அளவெடுத்தார்கள். வந்த செருப்பைப் பார்த்ததும் என் முகம் விழுந்துவிட்டது. அகலமான முன்பக்கம், தடி அடி, குதிகாலைச் சுற்றி வார், வெல்க்ரோ பட்டை.

"இதைப் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கு எப்படி டாக்டர்?"

"ஏழு வாரம் மாவுக்கட்டோட எப்படி இருந்தீங்க?"

பதில் இல்லை. ஆனாலும் வெட்கம் சின்ன விஷயமில்லை சார். ஒரு காலத்தில் எம்.சி.ஆர். செருப்பு என்றால் ஒரே அச்சில்தான் வரும். அதைப் பார்த்தாலே 'தொழுநோய்க்காரர்' என்று ஊர் ஒதுங்கியது. அதற்குப் பயந்து எத்தனையோ பேர் செருப்பை மூலையில் போட்டுவிட்டு வெறுங்காலில் நடந்து காலை இழந்தார்கள். காலைக் காப்பாற்றுகிற செருப்பே காட்டிக்கொடுத்தது! அதனால்தான் இப்போது சாதாரண சாண்டல் மாதிரி, ஷூ மாதிரி செய்கிறார்கள்.

ஆபீஸில் முதல் நாள் ஒருத்தர் கேட்டார்: "என்ன சார், டயர் செருப்பா?"

"ஆமா சார். ஸ்டெப்னி இல்லாத வண்டி, அதான் நல்ல டயரா போட்டிருக்கேன்" என்றேன். அன்றோடு கிண்டல் நின்றது. மறுநாள் அதே ஆள் தனியாக வந்து, "சார்... எனக்கும் ராத்திரியில கால்ல எறும்பு ஊருது" என்றார். கையோடு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

இந்த மெத்தைக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பீர்கள். 1954-லிருந்து இருக்கும் சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனை மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், எம்.சி.ஆர். போன்ற மெத்தை வைத்த செருப்பு போட்டவர்களுக்குப் புதுப்புண் வருவது, கெட்டி அட்டை வைத்த வழக்கமான செருப்பு போட்டவர்களைவிட மிகவும் குறைவாக இருந்தது. விலை உயர்ந்த ஷூ அவசியமில்லை. சரியான ஷூ அவசியம்.

சரியானதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொய்ச் சாட்சியைக் கூப்பிடாமல் விசாரிக்க நான் கற்ற வழிகள் இவை:

சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும். காலையில் வாங்கினால் சாயங்காலம் பிடிக்கும்.

கால் வரைந்த தாளைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் மடங்காமல் உள்ளே உட்கார வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். எழுந்து நின்று அளக்க வேண்டும். ஒரு கால் பெரிதாக இருந்தால் பெரிய காலுக்கு ஓட்டு!

கையை உள்ளே விடுங்கள். ஏற்காடு பஸ் நிலையத்துப் பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது. "கண்ணு மேல்பக்கத்தைத்தான் பாக்கும் சார், கைதான் உள்பக்கத்தைப் பாக்கும்" என்று சொல்லி, என் பழைய ஷூவுக்குள் கையை விட்டு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆணியைத் தொட்டுக் காட்டினார். துருத்துகிற தையல், ஆணி, மடிப்பு எதுவும் இருக்கக் கூடாது.

விரலிடுக்கில் மாட்டுகிற செருப்பு வேண்டாம். மரத்த காலால் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. என் ஏரிக்கரைக் கதைதான் சாட்சி. குதிகாலுக்கு வார் வேண்டும். மலைப்பாதை என்றால் கயிறு அல்லது வெல்க்ரோ போட்ட ஷூ நல்லது. இறக்கத்தில் கால் முன்னால் வழுக்கி விரல் இடிக்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

புதுச் செருப்பை முதல் நாளே மலையேற்றாதீர்கள். வீட்டுக்குள் அரைமணி, ஒரு மணி போட்டுக் கழற்றுங்கள். எங்காவது சிவந்திருந்தால் அந்த இடம் பிடிக்கிறது என்று அர்த்தம். சிவப்பு இல்லையென்றால் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

வெள்ளை சாக்ஸ் போடுங்கள். ரத்தம் கசிந்தால் அதில்தான் தெரியும். நனைந்தால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடாதீர்கள். தேளுக்குப் பயந்து தாத்தா செய்ததை, காப்பிக்கொட்டைக்குப் பயந்து நான் செய்கிறேன்.

ராத்திரி படுக்கும் முன் டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்து உள்ளங்காலைப் பாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். அதற்கென்று விற்கிற பிளாஸ்திரியும் வேண்டாம். புண், கொப்புளம், ஒரே காலில் வீக்கம், சூடு என்று எதைக் கண்டாலும் டாக்டரிடம் ஓடுங்கள். 'வலிக்கலையே' என்று காத்திருக்காதீர்கள். வலிக்காதுதானே சார் வியாதியே!

ஏற்காட்டுக் குளிரில் இன்னொரு ஆபத்து. கேம்ப் ஃபயர் போட்டுக் கால் காய்ச்சுவது, வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குவது. கால் வெந்தாலும் தெரியாது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. 1,623 மீட்டர் உயரத்தில், மலை உச்சிக் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். ஆயா கூப்பிட்டார். எனக்குத் தயக்கம். கோயிலில் செருப்புக் கூடாது. மத்தியான வெயிலில் பாறை கொதிக்கும். கோயில் பிராகாரத்தில் வெறுங்காலில் சுற்றிக் காலைப் பொசுக்கிக்கொண்டு வருகிறவர்கள் கோடையில் உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"விடியக்காலையில போலாம் தம்பி. சாமி அப்பவும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றார் ஆயா.

பனி விலகுமுன் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றி, தடியான சாக்ஸோடு உள்ளே போய்க் கும்பிட்டேன். என்ன வேண்டினேன்? 'வலியைக் கொடு சாமி' என்று! உலகத்தில் இப்படி ஒரு வேண்டுதல் சேர்வராயன் கேட்டிருப்பாரோ என்னவோ. வெளியே வந்து செருப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சின்னக் கல் விழுந்தது.

"பாத்தியா, சாமி காப்பாத்திட்டாரு" என்றார் ஆயா.

இருக்கலாம். தட்ட வேண்டும் என்ற புத்தியைக் கொடுத்தது அவராகவே இருக்கலாம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10 கோடி 10 லட்சம் பேர். இருபது கோடிப் பாதங்கள்! அதில் உங்கள் பாதம் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாற்காலியில் எட்டு மணி நேரம், பைக்கில் இரண்டு மணி நேரம், ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா என்று வாழ்கிற தம்பிகளே, போய் ஒருதரம் பார்த்துவிடுங்கள். என்னை மாதிரி பிஸ்கட்டுக்காக வரிசையில் நின்றாலும் சரி.

போன மாதம் மறுபடி செருப்பு வாங்கச் சேலத்துக்குப் போனேன். அதே கடை. பையன் வளர்ந்து மீசை வைத்திருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து காலை வாங்கிக்கொண்டு அதே கேள்வி:

"எப்படி சார் இருக்கு? சுகமா இருக்கா?"

பர்ஸிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன்.

"என்னைக் கேக்காதேப்பா. இதைக் கேளு!"